விளம்பரப் பலகையும் வணிகக் குறிச் சட்டமும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கழகச் செயலாளர் அவர்கள் என்னைப் பேச அழைத்தபோது, கல்வியின் பெருமை குறித்துப் பேசுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார். எனக்கு முன் பேசியவர்கள் அதனைச் செம்மையாகவே பேசிவிட்டார்கள். நான் ஒரு கடையின் பெயர்ப்பலகையைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். நகைக்க வேண்டா. அந்தப் பலகையால் நம் பிள்ளைகள் இருவர் பல இரவுகள் உறங்காமல் இருந்தார்கள்.

அவர்களுள் ஒருவர் என்னிடம் பத்தாம் வகுப்புப் பயின்றவர். பின்னர்த் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, பட்டறை பட்டறையாகப் பிறரிடம் பதினோராண்டு கூலிக்கு உழைத்து, கடன் பெற்றுத் திருமங்கலம் சாலையில் இருசக்கர வண்டிகளைப் பழுது பார்க்கும் கடை ஒன்றைத் தமக்கென வைத்தார். திறப்பு விழாவில் நாடா வெட்டியவன் நானே. கடையின் முகப்பில், புகழ்பெற்ற ஒரு வண்டிக் கம்பெனியின் சின்னம், அக்கம்பெனிக்கே உரிய வண்ணத்தில், முழ உயரத்துக்கு அச்சிடப்பட்டிருந்தது. நம் பிள்ளையின் பெயர் வலப்புற மூலையில் விரற்கடை அளவில் இருந்தது. “கம்பெனிக் கடையைப் போலவே இருக்கிறது, தம்பி!” என்று நான் மனமாரப் பாராட்டினேன். அந்தப் ‘போல’ என்னும் சொல்லில்தான் வினை முழுதும் இருந்தது என்பதை அன்று நான் அறியேன்.

பலகையை அச்சிட்டவர் அவருடைய மைத்துனர். அதே சாலையில் ஃபிளெக்ஸ் அச்சகம் நடத்துபவர். எட்டுத் திங்கள் சென்றபின் இருவருக்கும் தனித்தனியே பதிவுத் தபால் வந்தது. வழக்கறிஞர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய நான்கு பக்க நோட்டீஸ். பலகையைப் பதினைந்து நாளில் அகற்ற வேண்டும், அதனால் ஈட்டிய ஆதாயத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், இழப்பீடாக இத்தனை இலட்சம் தர வேண்டும், தவறினால் வழக்கு. பள்ளி விட்ட மாலைப் பொழுதில் அத்தாள்களைத் துணிப்பையில் மடித்து வைத்துக்கொண்டு என் மாணவர் வந்தார். அவர் கேட்ட முதற்கேள்வி இதுதான்: “சார், கடையை மூடிவிட்டால் எங்களை விட்டுவிடுவார்களா?”

நான் செய்தது தவறா, எவ்வளவு தவறு, என்ன செய்தால் தீரும் என்று அவர் கேட்கவில்லை. மூடிவிட்டால் விடுவார்களா என்று கேட்டார். கைநாட்டு வைத்த ஒரு தாளில் எங்கள் நிலம் போன கதையை என் தந்தையார் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். முத்திரையிட்ட தாளைக் கண்டதும் இருப்பதை விட்டு எழுந்து போகும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் பட்டறை வைக்கும் அளவுக்கு வளர்ந்த பிள்ளையிடமும் அது இருக்கக் கண்டபோது மனம் பொறுக்கவில்லை. நான் வரலாறும் ஆங்கிலமும் படித்தவனேயன்றிச் சட்டம் படித்தவன் அல்லேன். எனினும் அந்த நோட்டீஸில் கண்ட பிரிவுகளைத் தேடி ஒரு வாரம் இரவில் உட்கார்ந்து படித்தேன். அறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

வணிகக் குறி என்பது யாது? ஒருவர் விற்கும் பொருளையோ செய்யும் பணியையோ பிறருடையதிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர், படம், எழுத்து, வண்ணக் கோவை ஆகியவையே வணிகக் குறி. பேச்சு வழக்கில் ‘டிரேட் மார்க்’ என்கிறோம். இந்நாட்டில் இதற்கெனத் தனிச்சட்டம் முதன்முதல் 1940-இல் வந்தது. பின்னர் 1958-இல் வேறொரு சட்டம். இப்போது நடைமுறையில் இருப்பது 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம். அது 2003 செப்டம்பர் 15 முதல் செயலுக்கு வந்தது.

இச்சட்டம் பெரு முதலாளிகளுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிடாதீர்கள். எழுத்தறியாத என் பாட்டி தீப்பெட்டியை அதன் மேலுள்ள படத்தைப் பார்த்தே வாங்குவார். அவருக்கு அப்படமே எழுத்து. அப்படத்தைப் பார்த்து வரைந்து மட்டமான பெட்டியில் ஒட்டுபவன், தீப்பெட்டிக்காரரை மட்டுமா ஏமாற்றுகிறான்? என் பாட்டியையும் ஏமாற்றுகிறான். என் வயதினர் இலங்கை வானொலியில் கோபால் பல்பொடி விளம்பரத்தைக் கேட்டுக்கொண்டே பல் துலக்கியவர்கள். கடையில் அப்பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்பொருளே கைக்கு வரவேண்டும் என்பது வாங்குபவரின் உரிமையும் ஆகும்.

விளம்பரத்துக்கு வருவோம். பொருளின் மேல் ஒட்டினால்தான் குறியைப் பயன்படுத்தியதாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. பதிவு பெற்ற குறியை விளம்பரத்தில் இடுவதும், கடையின் கடிதத் தாளில் இடுவதும் பயன்படுத்துதலே என்று 29-ஆம் பிரிவு கூறுகிறது. அதே பிரிவு, பிறர் குறியைக் காட்டும் விளம்பரம் எப்போது அத்துமீறல் ஆகும் என்பதையும் வகுத்துரைக்கிறது. நேர்மையான தொழில் வழக்கத்துக்கு மாறாக அக்குறியின் பெயரால் முறையற்ற ஆதாயம் தேடினால் அத்துமீறல். அக்குறியின் தனித்தன்மையைக் குலைத்தால் அத்துமீறல். அதன் நற்பெயருக்கு ஊறு செய்தால் அத்துமீறல். எழுத்தில் மட்டுமன்று, வாயால் சொல்வதாலும் அத்துமீறல் நேரலாம் என்று அப்பிரிவு சொல்கிறது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக விளம்பரம் செய்யும் தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று, நம் பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டியது. நம் இளைஞர்களில் பலர் சுவர் விளம்பரம் எழுதுகிறார்கள், ஃபிளெக்ஸ் அச்சிடுகிறார்கள், பை தைத்து அதில் பெயர் பொறிக்கிறார்கள். ‘சொன்னதை எழுதினேன், எனக்கென்ன?’ என்று அவர்கள் சொல்ல இயலாது. விளம்பரத்துக்கான பொருளில் ஒரு குறியை இடுபவர், அதற்கு உரியவரின் இசைவு இல்லை என்பதை அறிந்தோ, அறிவதற்குக் காரணம் இருந்தும் கருதாமலோ இட்டால், அவரும் அத்துமீறலில் பங்காளி ஆகிறார். மைத்துனருக்கும் நோட்டீஸ் வந்தது இதனால்தான்.

இதுவரை சொன்னதைக் கேட்டு அஞ்சிவிட வேண்டா. அடுத்த பிரிவாகிய 30-ஐப் படித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பிறருடைய குறியை அவருடைய பொருளைச் சுட்டுவதற்காக நேர்மையாகச் சொல்வதற்கு அங்கே இடமிருக்கிறது. பொருளின் அல்லது பணியின் வகை, தன்மை, நோக்கம் ஆகியவற்றைத் தெரிவிக்கும் பொருட்டுச் சொல்லலாம். உதிரிப் பாகம் விற்பவர், அது இன்ன வண்டிக்குப் பொருந்தும் என்று சொல்வது தேவையாக இருக்கும் அளவில் சொல்லலாம். உரியவருக்கும் தமக்கும் இல்லாத உறவை இருப்பதாகக் காட்டலாகாது. எல்லைக்கோடு அவ்வளவே.

இதே வழக்கு ஐரோப்பாவிலும் நடந்திருக்கிறது. நெதர்லாந்தில் ஒரு சிறு பட்டறைக்காரர் பி.எம்.டபிள்யூ. கார்களைப் பழுது பார்ப்பதில் வல்லவர்; கம்பெனியின் அங்கீகாரம் பெற்றவர் அல்லர். அவர் தம் விளம்பரத்தில் அப்பெயரைக் குறிப்பிட்டதைக் கம்பெனி எதிர்த்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 1999 பிப்ரவரியில் விடை கூறியது. அக்காரைப் பழுது பார்க்கிறேன் என்று சொல்ல வேறு வழியில்லாதபோது அப்பெயரைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கம்பெனியின் கிளை என்றோ அதனோடு தனித் தொடர்புடையவர் என்றோ எண்ண வைக்கலாகாது. இதைப் படித்த இரவில், திருமங்கலம் சாலைப் பட்டறையும் அந்தப் பட்டறையும் ஒரே சாலையில் இருப்பதாக எனக்குத் தோன்றிற்று.

அந்த அளவுகோலை நம் பலகையின்மேல் வைத்துப் பார்த்தோம். என் மாணவரிடம் நேராகவே கேட்டேன்: “தம்பி, வருபவர்கள் இதைக் கம்பெனிக் கடை என்று நினைக்க வேண்டும் என்றுதானே அப்படி வைத்தாய்?” சிறிது நேரம் தலை குனிந்திருந்துவிட்டு, “ஆமாம் சார். என் பெயரைப் பார்த்து யார் வண்டியை விடுவார்கள்?” என்றார். இவ்விடையை நான் இன்னும் மறக்கவில்லை. பதினோராண்டு கைத்திறன் உடையவருக்குத் தம் பெயர்மேல் நம்பிக்கை இல்லை. எனினும் சட்டத்தின் கண்ணில் அது அத்துமீறலே. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அதே வேளையில் நோட்டீஸில் கேட்டவை அனைத்தும் முறையானவை அல்ல. இன்ன வண்டி பழுது பார்க்கப்படும் என்று எழுதும் உரிமையையும் அது பறிக்கப் பார்த்தது.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பட்டியல் இனத்தவர் எவரும் வழக்குத் தொடுக்கவோ எதிர்த்து வாதிடவோ இலவசச் சட்ட உதவி பெற உரியவர். அவருக்கு வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது. ஒத்தக்கடைக்கு அருகில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளையே நடைபெறுகிறது. இவ்வளவு அருகில் இருந்தும் நம்மவர் எத்தனை பேர் அப்படி ஏறியிருக்கிறோம்? நாங்கள் மூவரும் ஏறினோம். அங்கே அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் ஓர் இளம் பெண். நான்கு பக்க நோட்டீஸுக்கு அவர் எழுதிய பதில் ஒரு பக்கம். சின்னமும் வண்ணமும் அகற்றப்படும். வண்டியின் பெயரைக் குறிப்பிடுவது 30-ஆம் பிரிவின்படி தொடரும். இழப்பீட்டுக்கு அடிப்படை இல்லை. அடிப்படையின்றி வழக்கு மிரட்டல் விடுப்பவர்மேல் மிரட்டப்பட்டவரே வழக்குத் தொடர 142-ஆம் பிரிவு வழி செய்கிறது என்பதையும் அவர் எங்களுக்கு விளக்கினார். குறியின் உரிமையாளர் காலம் தாழ்த்தாமல் தாமே வழக்குத் தொடுத்துவிட்டால் அவ்வழி அடைபடும் என்றும் எச்சரித்தார். எங்கள் செயலில் பாதி குற்றம் இருந்ததால் அந்தப் பிரிவை நாங்கள் நாடவில்லை.

பலகை மாறியது. மூலையில் இருந்த பெயர் முகப்புக்கு வந்தது. அதன் கீழே, பழுது பார்க்கும் வண்டிகளின் பெயர்கள் ஒரே அளவான கறுப்பு எழுத்தில் வரிசையாக நிற்கின்றன. ஓராண்டு கடந்துவிட்டது, வழக்கு வரவில்லை. மைத்துனர் இப்போது ஒரு பேரேடு வைத்திருக்கிறார். கம்பெனிச் சின்னத்தோடு யார் வந்தாலும் அங்கீகாரக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி அதில் ஒட்டிவைக்கிறார். இதனால் இரண்டு வாடிக்கையாளர் அடுத்த அச்சகத்துக்குப் போய்விட்டதும் உண்மையே.

சரி, போட்டியாளரைப் பற்றி விளம்பரத்தில் பேசலாமா? நீலம் போடும் வீடுகளில் உஜாலாவை அறியாதவர் இல்லை. எம்.பி. இராமச்சந்திரன் என்பவர் 1983-இல் திருச்சூரில் 5,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய தொழில் அது. அவருடைய விளம்பரம் ஒன்றில், ராபின் புளூ நீலத்தின் குப்பியை ஒத்த ஒரு குப்பியைக் காட்டித் தாழ்த்திப் பேசியதாகப் பெரிய நிறுவனமான ரெக்கிட் அண்டு கோல்மன் கல்கத்தா உயர் நீதிமன்றம் சென்றது. 1999-இல் சட்ட இதழில் வெளியான அத்தீர்ப்பு இன்றும் எடுத்தாளப்படுகிறது. ‘உலகிலேயே என் பொருள்தான் சிறந்தது’ என்று ஒருவர் பறைசாற்றலாம். பிறர் பொருளைவிடச் சிறந்தது என்றும் சொல்லலாம், ஒப்பிட்டும் காட்டலாம். ‘அவன் பொருள் கெட்டது’ என்று மட்டும் சொல்லக் கூடாது. உஜாலாவின் அந்த விளம்பரத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் தொழில் நின்றுவிடவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

தற்புகழ்ச்சிக்கும் எல்லை உண்டு என்று நம் சென்னை உயர் நீதிமன்றம் 2008-இல் காட்டியது. ஆங்கர் பற்பசையின் விளம்பரத்தில் வந்த ‘ஒரே’, ‘முதல்’ என்னும் சொற்களை எதிர்த்துக் கோல்கேட் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நீதிபதி வி. இராமசுப்பிரமணியன், வாங்கும் மக்களின் பக்கம் நின்று அதை ஆராய்ந்து அச்சொற்களைத் தடுத்தார். ‘மதுரையிலேயே ஒரே கடை’ என்று எழுதும் நம்மவர்கள் அடுத்த தெருவையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

அதே நீதிபதி 2010 செப்டம்பர் 30-ஆம் நாள் வழங்கிய மற்றொரு தீர்ப்பே என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. சென்னையைச் சேர்ந்த கன்சிம் இன்ஃபோ நிறுவனம், இன்று மேட்ரிமோனி.காம் என்று பெயர் பூண்டது, ‘பாரத் மேட்ரிமோனி’, ‘தமிழ் மேட்ரிமோனி’ முதலிய பெயர்களில் இணையவழித் திருமணத் தகவல் தொழில் நடத்துகிறது. கூகுளில் ஒருவர் அப்பெயரைத் தட்டித் தேடினால், அருகில் போட்டி நிறுவனங்களின் விளம்பரங்கள் தோன்றின. அச்சொற்கள் தேடப்படும்போது தம் விளம்பரம் வரவேண்டும் என்று அவர்கள் கூகுளுக்குப் பணம் செலுத்தியிருந்தார்கள். பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி ஒரு விடுதியின் பெயரைச் சொல்லி வழி கேட்டால், வேறொரு விடுதியின் ஆள் வந்து பையைத் தூக்குவானே, ஏறத்தாழ அதுபோல. கன்சிம் நிறுவனம் கூகுளையும் மூன்று போட்டியாளரையும் எதிர்த்துத் தடை கேட்டது. நீதிபதி பல நாட்டுத் தீர்ப்புகளை அலசிவிட்டு இடைக்காலத் தடையை மறுத்தார். ‘தமிழ்’ என்பதும் ‘மேட்ரிமோனி’ என்பதும் பொருளை விவரிக்கும் பொதுச்சொற்கள். இவை சேர்ந்த பெயர் புகழ் பெற்றதாயினும், பிறர் அச்சொற்களை நேர்மையாக ஆளுவதைத் தடுக்க இயலாது என்பது அதன் சாரம். (அத்தளங்களில் சாதிவாரியாக வரன் பிரித்து வைத்திருப்பது பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு. அது வேறு கூட்டத்துக்கு உரியது.)

அதற்குப் பின் 2023 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம், அகர்வால் பேக்கர்ஸ் பெயர் தொடர்பான வழக்கில், பிறர் குறியைத் தேடுசொல்லாக விலைக்கு வாங்குவதும் விளம்பரத்தில் பயன்படுத்துதலே என்று கூறியது. கூகுள் வெறும் பார்வையாளர் அன்று என்றும் சொன்னது. ஆனால் மயக்கமோ முறையற்ற ஆதாயமோ இருந்தால்தான் அது அத்துமீறல் ஆகும். கைப்பேசியில் பணம் கட்டி விளம்பரம் செய்யத் தொடங்கியுள்ள இளைஞர்கள், சுவருக்குரிய சட்டமே திரைக்கும் உரியது என்பதை இதிலிருந்து அறியலாம்.

‘தமிழ்’ என்னும் சொல் எவருடைய தனியுடைமையும் அன்று என்று படித்தபோது, என் எண்ணம் நூறாண்டு பின்னே சென்றது. பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19-இல் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். பெயரிலேயே விலை, அதைவிடச் சிறந்த விளம்பரம் ஏது? அடுத்த ஆண்டு ‘ஒரு பைசா’வை விடுத்துத் ‘தமிழன்’ என்றே நடத்தினார். ஊர்ப் பொதுக் கிணற்றில் நமக்கு உரிமை மறுக்கப்பட்ட காலத்தில், மொழியின் பொதுச்சொல்லை அவர் உரிமையோடு எடுத்துத் தம் முகப்பில் வைத்தார். பின்னர் டாக்டர் அம்பேத்கர் 1920 ஜனவரி 31-இல் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது, அதன் விளம்பரத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியிடவும் ‘கேசரி’ ஏடு மறுத்துவிட்டது. நமக்கு விளம்பரம் செய்யும் இடம் அவ்வளவு அரிதாக இருந்தது.

எனவே உங்கள் கடைக்குப் பெயர் தேடும்போது ஒன்றைக் கருதுங்கள். ‘மதுரைச் செருப்புக் கடை’ போன்ற பொதுச்சொற்களால் ஆன பெயர் எளிது. ஆனால் அடுத்தவர் அதையே வைத்தால் தடுப்பது கடினம். உங்கள் தாயின் பெயரோ, நீங்களே புனைந்த சொல்லோ ஆயின் வலுவுடையது. பதிவு செய்ய, சென்னை கிண்டியில் வணிகக் குறிப் பதிவகம் இருக்கிறது. இணைய வழியிலும் விண்ணப்பிக்கலாம். தனியாருக்கும் சிறு தொழிலுக்கும் கட்டணம் ஒரு வகுப்புக்கு இணைய வழியில் 4,500 ரூபாய். தாளில் கொடுத்தால் 5,000. பொருள்களும் பணிகளுமாக 45 வகுப்புகள் உள்ளன. காலணிக்கு 25-ஆம் வகுப்பு. பழுது பார்க்கும் தொழிலுக்கு 37. பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், பின் புதுப்பித்துக்கொள்ளலாம். பதிவாகும் முன்னரே வட்டத்துக்குள் ஆங்கில ‘ஆர்’ எழுத்தை இட்டு விளம்பரம் செய்யாதீர்கள். அதற்குத் தண்டம் உண்டு. ‘டி.எம்.’ என்று இடுவதற்குத் தடையில்லை.

என் மாணவர் தம் கடையின் பெயருக்கு 37-ஆம் வகுப்பில் விண்ணப்பித்திருக்கிறார். ஏற்கெனவே ஒத்த பெயர் உண்டா என்று பதிவகத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகவே தேடிப் பார்த்த பின்னரே கட்டணம் கட்டினோம். அந்தத் தேடலுக்கு ஒரு மாலைப் பொழுது ஆயிற்று.

வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்குக் கழகக் கட்டடத்தில் நானும், அச்சகம் நடத்தும் அந்தத் தம்பியும் இருப்போம். கடை வைத்திருப்போரும் வைக்க எண்ணுவோரும் தத்தம் பெயர்ப்பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள். நோட்டீஸ் ஏதும் வந்து பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தால், தயங்காமல் அதையும் எடுத்து வாருங்கள்.